எலி கடித்த மயில்கழுத்து

இந்த வீட்டில் ஒரு வேலையையாவது கமலாட்சியின் கை படாமல் தானே தொடங்கித் தானே முடிப்பது என்று வேலாயுதம் தீர்மானம் செய்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவராகச் செய்த முதல் தீர்மானம் இது. அதற்கு முன்னால் அவர் வீட்டில் சொன்ன தீர்மானங்கள் எல்லாம் கமலாட்சி செய்து அவர் கையில் கொடுத்தவை.

வேலை இதுதான். பழைய ஸ்லைடுகளைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

ஸ்லைடு என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தீப்பெட்டி அளவுக்கு ஓர் அட்டைச் சட்டம். நடுவில் தபால்தலை அளவு கலர் பிலிம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஆள் நிற்பார். வேலாயுதம் நான்கு மாதம் முன்புதான் ரிடையர் ஆனார். அதுவரை காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் டிசைன் பிரிவில் இருந்தார். அந்தக் காலத்தில் புதுப் புடவை தறியிலிருந்து இறங்கினால், அதைத் தொங்கவிட்டுப் படம் பிடித்து, ஸ்லைடு போட்டு, வெளியூர் வியாபாரிகளுக்குச் சுவரில் காட்டுவார்கள். படம் பிடிப்பது இவர் பொறுப்பு. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். முப்பது புடவைக்கு. மிச்சம் ஆறு குடும்பத்துக்கு. மானேஜர் வீட்டு விசேஷமும் அதே ஆறில்தான் வரும் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

அப்படிச் சேர்ந்த ஸ்லைடுகள் நூறு. நூறு பள்ளம் வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், பீரோவின் தலைமேல், பூஞ்சை பிடித்துக் கிடந்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஸ்கேனரை கூரியரில் அனுப்பிவிட்டுப் போனில் உத்தரவு போட்டாள்.

"உங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு எல்லாத்தையும் சி.டி. போட்டு வைப்பா. தொடைக்கிற வேலைய அம்மாகிட்ட குடு. அம்மாதான் பொறுமையா பண்ணுவாங்க."

அம்மாகிட்ட என்றதும் வேலாயுதம் பெட்டியை இறக்கித் தன் மேசைக்குக் கொண்டுபோய்விட்டார். காரணம் எழுபத்திரண்டாம் நம்பர் பள்ளம்.

இருபத்திரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். கமலாட்சிக்குத் தலைச்சன் பிரசவம். மாகறலில் தாய்வீட்டில் இருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வரும்போது கட்டிக்கொள்ள ஒரு புடவை வேண்டும் என்று கேட்டிருந்தாள். நெசவாளி வீட்டுப் பெண், சும்மா கேட்பாளா? மயில்கழுத்துக் கலர் உடம்பு, அரக்குக் கரை, கரையில் தாழம்பூ மடல் போலக் கூர்கூராகத் தாழம்பூ ரேக்கு, முந்தியில் இரண்டு வரிசை அன்னம் என்று காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தாள். வேலாயுதமும் ஆசையாகத்தான் நெய்யச் சொன்னார். புடவையும் இறங்கியது. சங்கத்து மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாலாஜாபாத்திலிருந்து அவருடைய அக்கா காமாட்சியம்மாள் உள்ளே நுழைந்தாள். புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் புடவை எடுக்க வந்தவள்.

"யாருக்குடா வேலு இது?"

பெண்டாட்டிக்கு என்று சொல்ல வேண்டிய இடம். வேலாயுதம் அக்காவின் கண்ணைப் பார்த்தார். வாய், "உனக்குத்தான்க்கா" என்றது.

பிள்ளையோடு வந்த கமலாட்சி, "புடவை எங்க?" என்று கேட்டாள்.

"தறியிலயே எலி கடிச்சிடுச்சுமா. பாவு நூலே பூரா போச்சு."

காஞ்சிபுரத்தில் இதைவிடப் பெரிய துக்கம் ஏது? கமலாட்சி அன்று சோறு சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து உட்கார்ந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். எலியோடு அன்று பிடித்த பகைதான். வீட்டில் மூன்று எலிப்பொறி. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒன்று, பீரோவுக்கு அடியில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று சாமி அறையில் ஒன்று. பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைக்கும்போதுகூட, "உங்களுக்குத்தான் சாமி, கீழ இருக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் படைப்பாள்.

அக்காவோ, நல்ல புடவையைக் கட்டினால் தேய்ந்துபோகும் என்று நம்புகிறவள். கமலாட்சி தாய்வீட்டில் இருந்தபோதே நடந்த கிரகப்பிரவேசத்துக்கு ஒருநாள் கட்டியதோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வேலாயுதம் பிழைத்தார். ஆனால் அந்த ஒருநாளில் அவளை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தது யார்? இவரேதான். பெட்டியின் மூடியில், "72 - அக்கா, கிரகப்பிரவேசம்" என்று முத்து முத்தாக எழுதிவைத்ததும் இவரேதான். சங்கத்துப் பழக்கம், விடுமா?

"நான் தொடைக்கிறேங்க. நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துங்க" என்றாள் கமலாட்சி.

"வேணாம் வேணாம். இது டெக்னிக்கல் வேலை."

"தொடைக்கிறதுல இன்னாங்க டெக்னிக்கு?"

"தூசு இருக்குது, பூஞ்சை இருக்குது, பிலிம் இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை இருக்குது."

"சரி. எனக்குக் கல்யாணப் புடவைல மஞ்சக்கறையே இன்னும் போவல. நான் அதைப் பாக்கறேன்" என்று எழுந்து போனாள். இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. வேலாயுதம் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் எடுத்தது கல்யாண ஸ்லைடு. மாப்பிள்ளை முகத்தின் மேல் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை. மகள் சொன்னது ஸ்பிரிட். ஆனால் பட்டைத் தொட்டு வளர்ந்த ஊரில் ஸ்பிரிட்டை யார் நம்புவார்கள்? எப்பேர்ப்பட்ட பட்டுக்கும் பூச்சக்காய், அதாவது பூந்திக்கொட்டைதான். வேலாயுதம் நாலு பூச்சக்காயை ஊறவைத்து, நுரைக்க நுரைக்கக் கலக்கி, ஸ்லைடை அதில் நனைத்து, முந்தியை அலசுவது போல இரண்டு அலசு அலசினார்.

பூஞ்சை போனது. கூடவே மாப்பிள்ளையின் தலையும் போனது. பூஞ்சை தின்ற பிலிம் தண்ணீர் பட்டால் கரையும் என்று சங்கத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. படத்தில் கமலாட்சி மாலையும் கழுத்துமாக நின்றாள். பக்கத்தில் ஒரு பட்டு வேஷ்டி, ஒரு மாலை, அதற்குமேல் வெள்ளை வானம்.

எதற்கோ உள்ளே வந்த கமலாட்சி ஸ்லைடை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். தாலி மாதிரி எப்போதும் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். புடவையில் இழை எண்ணுகிற கண்ணாடி. அவள் அப்பா தறியில் உட்கார்ந்த காலத்தில் வைத்திருந்தது.

"தலை எங்க?"

"கரைஞ்சிடுச்சு."

"பரவால்ல விடுங்க. இருபத்தஞ்சு வருஷமா அது இல்லாமதானே ஓட்டிக்கினு வரோம்."

மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கிவந்தார். பஞ்சு வந்தது. தூசு ஊத, காது கழுவுகிற ரப்பர் பந்து வந்தது. சாமி அறை விளக்கு பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலை வைக்காதீர்கள் என்று கமலாட்சி ஒன்பது தடவை சொன்னாள். பத்தாவது தடவை தானே எடுத்து மாற்றி வைத்தாள். இருபது ஸ்லைடு துடைத்து, ஸ்கேனரில் வைத்து, கம்ப்யூட்டரில் வரிசையாகத் தெரிந்ததும் வேலாயுதத்துக்கு மார்பு விரிந்தது.

"கமலா! வந்து பாரு!"

கமலாட்சி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஏங்க, எங்கம்மா எப்ப சேட்டு வீட்டுக்கு வாக்கப்பட்டாங்க?"

"இன்னா சொல்ற?"

"முந்தி வலது தோள்ல கெடக்குதே. எங்கம்மா, சித்தி, வளைகாப்புக்கு வந்த பொம்பளைங்க, எல்லாருமே வடக்கத்திக்காரிங்களா ஆயிட்டாங்க."

பார்த்தார். உண்மைதான். ஸ்லைடுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கல் பக்கத்தை மேலே வைத்து இருபதையும் இடம் வலம் மாற்றி ஏற்றியிருந்தார். சங்கத்தில் முப்பது வருஷம் டிசைன் பார்த்தவருக்கு அது கண்ணில் படவில்லை. அடுப்படியிலிருந்து வந்தவளுக்கு ஒரு நொடியில் பட்டது. இந்தக் கண்ணுக்கு முன்னால் எழுபத்திரண்டாம் நம்பர் போனால் என்ன ஆகும்? 

எழுபத்தொன்று முடிந்த அன்று, கதவைச் சாத்திக்கொண்டு எழுபத்திரண்டைக் கையில் எடுத்தார். அக்கா நிற்கிறாள். மயில்கழுத்துப் புடவை வெயிலில் நீலமும் பச்சையுமாக மின்னுகிறது. பக்கத்தில் அக்காவின் புருஷன், மாமா. புதுவீட்டுக்குள் நுழைய வந்த பசுமாடு மாமாவின் எண்ணெய்த் தலையை நக்குகிறது. பின்னால் வேலாயுதத்தின் அப்பா. அவர் சிரிக்கிறார்.

மேசையில் பூச்சக்காய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. இரண்டு அலசு அலசினால் போதும். பூஞ்சை தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். எலி என்று சொன்னதை நம்பியவள் பூஞ்சையை நம்பமாட்டாளா?

ஸ்லைடைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. அவர் அப்பா சிரித்த படம் உலகத்தில் இது ஒன்றுதான். அப்பா செத்த அன்று துக்கத்துக்கு வந்த சங்கத்து ஆட்கள்கூட, "முகம் எப்பவும் போலத்தான் இருக்குது" என்று சொன்னார்கள். அப்படிப்பட்ட முகம். இதைக் கரைத்தால் தன் கையால் அப்பாவைக் கரைத்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துக் கமலாட்சி கதவைத் தட்டினாள்.

"பொண்ணு போன்ல கேட்டுச்சு. தாத்தா சிரிக்கிற படம் ஏத்தியாச்சாம்மான்னு. அத்தை வீட்டு விசேஷத்துல எடுத்தீங்களாமே, அத்தை சொன்னாங்களாம். நான் பாத்ததே இல்லையே."

"ஏத்தறேன், ஏத்தறேன்."

"கலர் போயிருந்தா கம்ப்யூட்டர்லயே மாத்திக்கலாம்னு சொல்லச் சொல்லுச்சு."

கமலாட்சி போய்விட்டாள். வேலாயுதம் கதவுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றார். பிறகு மெல்லச் சிரித்தார். கலரை மாற்றலாம்! புடவையை ஏன் அழிக்க வேண்டும்? வேறு புடவை ஆக்கிவிட்டால் போகிறது. உடனே மகளுக்குப் போன் போட்டு, "அந்தக் கலர் மாத்தற பட்டன் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டார். மயில்கழுத்தைச் சுட்டிக்காட்டி மஞ்சளைக் கொடுத்தார். அக்காவின் புடவை மஞ்சளாயிற்று. நீலம் எங்கெங்கே இருந்ததோ அதுவும் மஞ்சளாயிற்று. மாமாவின் சட்டை, வாசல் கதவு, மேலே இருந்த வானம். நிழல் விழுந்த மாட்டின் வயிறுகூடக் கொஞ்சம் மஞ்சள் பூசிக்கொண்டது. அப்பா மட்டும் வெள்ளை வேஷ்டி சட்டையில் பழையபடி சிரித்தார். அதனால்தான் சிரிக்கிறாரோ என்று வேலாயுதத்துக்கே தோன்றியது.

அசல் ஸ்லைடை என்ன செய்வது? யோசித்தார். மூக்குக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, காலியான கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்லைடை வைத்து, பீரோவில் துணிக்கு அடியில் சொருகிப் பூட்டினார். பள்ளம் காலியாக இருக்கக்கூடாது என்று ஒரு வெற்றுச் சட்டத்தைச் செருகினார். இவ்வளவு புத்தி இருபத்திரண்டு வருஷம் முன்னால் இருந்திருந்தால் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, ஸ்பிரிட் வாங்க வெளியே போனார்.

திரும்பி வந்ததும் கமலாட்சியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"மாமா சிரிக்கிறாரே! அய்யோ, எவ்ளோ அழகா இருக்குது" என்றாள். மாமனாரைத்தான் சொன்னாள். அப்புறம் கண்ணை நாத்தனார் புருஷன் பக்கம் நகர்த்தினாள். "அண்ணனுக்கு அப்பவே மஞ்சக்காமாலையா?"

"பழைய பிலிமு. அப்படித்தான் இருக்கும்."

"வானத்துக்கும் வந்திருக்குது பாவம்." இன்னும் கொஞ்சம் நகர்த்தி நாத்தனாரிடம் வந்தாள். "அண்ணி புடவை நல்லா இருக்குதுங்க. இன்னா கலரு இது?"

"மஞ்சள்."

"கரை தாழம்பூ ரேக்கு மாதிரி இருக்குது."

"ஊர் பூரா தாழம்பூ ரேக்குதான்!" வேலாயுதத்தின் குரல் தேவைக்கு மேலே ஏறியது.

"முந்தில அன்னம் ரெண்டு வரிசை."

"அது... கோழி மாதிரி இல்ல?"

கமலாட்சி பெருமூச்சு விட்டாள். "எலி கடிக்காம இருந்திருந்தா என்னுதும் இப்படித்தான் இருந்திருக்கும். கலரு மட்டும் வேற." நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "ஏங்க, கல்யாண நாளுக்கு எனக்கு ஒண்ணும் வேணாம். இதே புடவை, இதே மஞ்சள், இதே கரை, ஒண்ணு நெய்யச் சொல்லுங்க. அண்ணி மாதிரியே கட்டிக்கினு அண்ணி பக்கத்துல நிக்கணும்."

மாட்டிக்கொள்ளவில்லை! வேலாயுதத்துக்குத் தலைமேல் இருந்த மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அந்த சந்தோஷத்தில், "ஒண்ணு இன்னா, ரெண்டு நெய்யச் சொல்றேன்" என்றார். அப்புறம் அவசரமாக, "ஒண்ணு" என்று திருத்தினார்.

படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ராமராஜனிடம் போனார். சங்கத்துக்கு முப்பது வருஷமாக நெய்கிறவர். ராமராஜன் காகிதத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இந்த மஞ்சள் சாயப்பட்டறைல கிடையாதே. எலுமிச்சையும் இல்ல, மாம்பழமும் இல்ல, சந்தனமும் இல்ல. எங்க பாத்தீங்க இதை?"

"கம்ப்யூட்டர்ல."

"அப்ப கம்ப்யூட்டரையே நெய்யச் சொல்லுங்க." சிரித்துவிட்டு மறுபடி உற்றுப் பார்த்தார். "இருங்க. இந்தக் கரை நான் போட்ட கரை. இந்த அன்னத்துக்கு மூக்கை நான்தான் கொஞ்சம் தூக்கி வச்சேன். ஆனா உடம்பு மயில்கழுத்தாச்சே! நீங்க பொண்டாட்டிக்குன்னு சொல்லி..."

"ராமராஜா!" வேலாயுதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் தறியைக் கும்பிடறேன்பா. வாயைத் திறக்காத. மஞ்சளா நெய்ஞ்சு குடு."

ராமராஜன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பாழாய்ப்போன மஞ்சளுக்காகச் சாயப்பட்டறைக்கு நாலு தடவை நூலைத் திருப்பி அனுப்பினார். தெருவில் எல்லோரும், "இன்னாபா, கம்ப்யூட்டர் கலர்ல புடவையாமே" என்று விசாரித்தார்கள். வேலாயுதம் ஒரு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றி நடந்தார். செலவைப் பற்றிக் கேட்காதீர்கள். ரிடையரானவர் வயிற்றெரிச்சல் நமக்கு வேண்டாம்.

கல்யாண நாள் வந்தது. மகள் முதல்நாளே வந்துவிட்டாள். கமலாட்சி புது மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பொருத்தமாகத்தான் இருந்தது. சி.டி. ஓடியது. தலையில்லாத மாப்பிள்ளையைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேலாயுதமும் சிரித்தார். எழுபத்திரண்டாவது படம் வந்தது. தாத்தா சிரித்ததும் மகளுக்குக் கண் நிறைந்தது. வேலாயுதத்துக்கும்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனி அந்தக் கதை ஜென்மத்துக்கும் வெளியே வராது என்று காபியை ஒரு வாய் குடித்தார்.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா இறங்கினாள். கையில் மஞ்சள் பையில் ஒரு மூட்டை. பழைய வேஷ்டியில் சுற்றியிருந்த அது வசம்பு வாசனை அடித்தது.

"இந்தாடி கமலா, நீ கேட்டது" என்று கமலாட்சியின் கையில் வைத்தாள்.

வேலாயுதம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாக்கா இது?"

"தெரியாத மாதிரி கேக்கறான் பாரு! போன மாசம் உம்பொண்டாட்டி போன் பண்ணா. 'அவரு உங்ககிட்ட நேர்ல கேக்கக் கூச்சப்படறாரு அண்ணி. அந்த மயில்கழுத்துப் புடவையை நான் ஒருநாள் கட்டி அவரு கண்ணால பாக்கணுமாம், பழைய படத்தைப் பாத்துப் பாத்து ஏங்கறாரு'ன்னு சொன்னா. கூடப்பொறந்தவன் ஏங்கினா எனக்கு மனசு கேக்குமா? எனக்கும் உடம்பு பெருத்துப்போச்சு, இனிமே எங்க கட்டறது. அவளே வச்சுக்கட்டும். நீ வாங்கிக் குடுத்ததுதானேடா." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகால் கழுவப் பின்பக்கம் போனாள். மகள் செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கூடத்தில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"கமலா..." என்றார் வேலாயுதம். "உனக்கு எப்படி...?"

"மூக்குக் கண்ணாடியை மூக்குல மாட்டிக்கினு கண்ணாடிப் பெட்டியை மட்டும் பீரோல பூட்டற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தாங்க. அன்னைக்கு நீங்க ஸ்பிரிட் வாங்கப் போனீங்க இல்ல? பீரோவுக்கு இன்னொரு சாவி என்கிட்ட இருக்குதே. பெட்டிக்குள்ள இன்னா இருக்குதுன்னு ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன். கம்ப்யூட்டரே தேவைப்படல."

"அப்ப இந்த மஞ்சப் புடவை?"

"நீங்களா ஆசைப்பட்டு உண்டாக்கின கலரு. அது வீணாப் போகலாமா?"

வேலாயுதம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

கமலாட்சி தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். மயில்கழுத்துப் புடவை மஞ்சள் மடிமேல் விரிந்தது. சங்கிலியில் இருந்த கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கரையைப் பார்த்தாள், உடம்பைப் பார்த்தாள், முந்தியின் கடைசி அன்னம்வரை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கீழே விட்டுப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷம்! ஒரு இழை கடிக்காம எவ்ளோ பத்திரமா வச்சிருந்திருக்குது பாருங்க, உங்க எலி!"